மூன்று சதவீதம் சொந்தம்

இருபத்து மூன்று வருடம், நாலு மாதம், பதினோரு நாள் யோக்கியமாக வாழ்ந்த பிறகு, ஒரு திங்கட்கிழமை காலையில் பாசி திருடி ஆனாள். ஆனது அவளுக்கு உடனே தெரியவில்லை. அந்த நேரத்தில் அவள் கல்லூரி ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

தேங்கிய தண்ணீரில் பாசி எப்படி வளர்கிறது என்பது அவளுடைய முதுகலை ஆய்வு. ஜன்னலோரம் அறுபது குடுவைகளை வரிசையாக வைத்து, எட்டு மாதம் விடுமுறை நாளிலும் வந்து, பச்சை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளந்து குறித்தாள். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். ஊருக்குக் குடிநீர் அனுப்பும் சுத்திகரிப்பு நிலையத்தில் அவளுக்கு ஆய்வக வேலை கிடைத்திருந்தது. ஒன்றாம் தேதி பட்டச் சான்றிதழோடு போய்ச் சேர வேண்டும். போகாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அவளுக்கும் சான்றிதழுக்கும் நடுவில் கல்லூரியின் நேர்மைப் பிரிவு மட்டும் பாக்கி இருந்தது.

நேர்மைப் பிரிவு மூன்றாவது மாடியில், முன்பு நூலகம் இருந்த இடத்தில் இயங்கியது. எழுத்துத் திருட்டைத் தடுக்க இடம் போதாததால் புத்தகங்களைக் கீழ்த்தளத்துக் கிடங்குக்கு அனுப்பிவிட்டார்கள்.

அங்கே முதல் வேலை உறுதிமொழி. பாசி ஒரு தாளில், 'இதை நானே எழுதினேன். பிறர் சொன்னதை எடுத்துக்கொண்ட இடங்களில் அவர்கள் பெயரைக் குறிப்பிட்டிருக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். எழுத்தர் படித்துவிட்டு ஒரு விரலால் அதைத் திருப்பித் தள்ளினார்.

"என்னம்மா இது, உன் இஷ்டத்துக்கு எழுதியிருக்க?"

"என் சொந்தச் சொற்கள்ல எழுதச் சொன்னாங்க சார்."

"ஆய்வேடுதான் சொந்தமா எழுதணும். சொந்தமா எழுதினேன்னு சொல்றதைப் பாத்துதான் எழுதணும். அதோ போர்டுல இருக்கு. அப்படியே காப்பி பண்ணு. ஒரு எழுத்து மாறினாலும் செல்லாது."

பார்த்து எழுதினாள். அவசரத்தில் ஒரு வார்த்தை விட்டுப்போனதால் இன்னொரு தாள் வாங்கி மறுபடியும் பார்த்து எழுதினாள். எழுத்தர் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்தியடைந்து, 'சுயமானது' என்று முத்திரை குத்தினார்.

அடுத்தது சாஃப்ட்வேர். மாணவர் எழுதியதை அது உலகத்தில் ஏற்கெனவே எழுதப்பட்டவற்றோடு ஒப்பிட்டு, இதில் எத்தனை சதவீதம் மற்றவருடைய எழுத்து என்று சொல்லும். எல்லாரும் அதை மெஷின் என்றே சொன்னார்கள். பத்து வரை அனுமதி. பாசிக்கு ஒன்பது வந்தது. மேற்கோள் குறிக்குள் அவள் கொடுத்திருந்த வரிகளும் வேதிப்பொருள்களின் பெயர்களும் சேர்ந்து அந்த ஒன்பது. தேறிவிட்டோம் என்று அவள் கீழே இறங்கி வந்தாள்.

தேறியவர்களில் சிலரைக் குலுக்கல் போட்டு எடுத்து இரண்டாவது முறை சோதிப்பது நேர்மைப் பிரிவின் வழக்கம். 'சாதாரணத் திருடன் முதல் சோதனையில் அகப்படுவான். தேர்ந்த திருடன்தான் தேறுவான்' என்று நேர்மை இயக்குநர் ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தார். இந்த வருடம் முதல் சீட்டு பாசிக்கு விழுந்தது. அதற்குள் அவளுடைய ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியரான கைடு, இயக்குநருக்கு ஒரு நன்றியுரை சேர்த்துவிடுவது எதற்கும் நல்லது என்றார். சேர்த்தாள்.

திங்கட்கிழமை காலை, இரண்டாவது சோதனையில் தொண்ணூற்றேழு வந்தது.

ஆக, அந்த ஆய்வேட்டில் பாசியின் சொந்தச் சரக்கு மூன்று சதவீதம். அந்த மூன்றும் இயக்குநருக்கு அவள் சொன்ன நன்றி.

புதன்கிழமை விசாரணை. நீள மேசைக்கு அந்தப் பக்கம் இயக்குநர், கைடு, எழுத்தர். இந்தப் பக்கம் பாசி. இயக்குநர் பேசத் தொடங்கும் முன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடுவார். எதிரில் இருப்பவரின் முகம் தெரியாதபோதுதான் நடுநிலை கைகூடும் என்பது அவர் கொள்கை.

"மூலம், இக்கல்லூரி மாணவர் ஒருவரின் ஆய்வேடுன்னு மெஷின் சொல்லுது. பேரு காட்டாது. பறிகொடுத்தவங்க மானம் போயிடக் கூடாதுன்னு நான்தான் பேரை மறைச்சு வைக்கச் சொன்னேன். ஏம்மா, அந்தப் பிள்ளையைக் கொஞ்சம் நெனச்சுப் பாத்தியா? அறுபது குடுவையை ஜன்னலோரம் வெச்சுக்கிட்டு, எட்டு மாசம், ஒருநாள் லீவு போடாம..."

"நானும் அறுபது குடுவைதான் சார் வெச்சேன்."

இயக்குநர் கைடு பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? குடுவையைக்கூட விட்டுவைக்கல."

"குடுவை எல்லாம் கீழ லேப்லதான் இருக்கு சார். வந்து பாருங்க."

"நாங்க பொருளைப் பாக்கறதில்லம்மா. சொல்லை மட்டும்தான் பாப்போம். பொருள் வேற பிரிவு."

அந்த அறுபது குடுவைகளைத் தினமும் கடந்துபோய்த் தன் அறைக்குள் நுழைந்தவர் கைடு. ஒருமுறை தெரியாமல் முப்பத்திரண்டாவது குடுவையில் முழங்கையை இடித்து, சட்டையெல்லாம் பச்சையாகிப் போனவரும் அவரே. இப்போது பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"கைடு என்ன சொல்றீங்க?"

"மெஷின் சொன்னதுக்கு மேல நான் என்ன சார் சொல்லப்போறேன்."

"இன்னொண்ணும் சொல்றேன்," என்றார் இயக்குநர். "மூலத்தைப் படிச்சேன். என்ன தெளிவு! என்ன சுருக்கம்! ஒரு வார்த்தை அதிகம் இல்ல. அதை எழுதின பிள்ளைக்கும் உனக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். வருத்தமா இருக்கும்மா."

பாசிக்கு அழுகை வந்தது. தன்னைப் பற்றி யாரும் இதுவரை அப்படிச் சொன்னதில்லை என்பதும் அதில் சேர்த்தி.

தீர்ப்பு வந்தது. பெயர் தெரியாத மூல ஆசிரியருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும். மாதிரி சுவரில் இருந்தது, பார்த்து எழுதினாள். பிறகு சொல்மாற்றுப் பயிற்சியில் சேர்ந்து ஆய்வேட்டை முதலிலிருந்து வேறு சொற்களில் எழுத வேண்டும். பயிற்சி கொடுத்தவர் கைடுதான்.

"'தண்ணீர்' ரொம்ப எடத்துல வருது. மாத்து."

"என்னன்னு சார் மாத்தறது?"

"திரவம்னு போடு."

"எண்ணெயும் திரவம்தானே சார்."

"அது படிக்கிறவங்க கவலை. சரி, இந்தப் பதினேழு புள்ளி நாலு மூலத்துலயும் இருக்கு பாரு. கொஞ்சம் தள்ளி ஏதாவது போடேன்."

"அது அளந்தது சார்."

"அப்ப இன்னொரு தடவை அள. அளக்கறப்ப கொஞ்சம் தாராளமா இரு." கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "என்னைத் தப்பா நெனைக்காதம்மா. நான் போன மாசம்தான் பர்மனென்ட் ஆனேன்."

எண்களை அவள் தொடவில்லை. வாக்கியங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பிரித்து வேறு மாதிரி கட்டினாள். பத்து நாள் ஆனது. புது ஆய்வேடு முதல் சோதனையில் ஆறு. கைடுகூடச் சிரித்தார். வழக்கம்போல இரண்டாவது சோதனை. திருடியின் நன்றி இயக்குநருக்கு இழுக்கு என்று நன்றியுரையை நீக்கச் சொல்லியிருந்தார்கள். அதனால் இந்த முறை முழுதாக நூறு வந்தது.

"முதல் ஆளை விட்டுட்டு இப்ப ரெண்டாவது ஆள் மேல கைவெச்சுட்டா," என்றார் இயக்குநர். இந்த முறை அவர் கண்ணாடியைக் கழற்றக்கூட இல்லை. "இவளுக்கு அடிப்படையே இல்ல. அடைச்ச அறையில உக்கார வெச்சு ஒரே ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்க. எதைப் பத்தி வேணா எழுதட்டும்."

நூலகமாக இருந்த காலத்தில் கிழிந்த புத்தகங்களை ஒட்டும் அறை அது. ஜன்னல் இல்லை. ஃபோனை வாங்கிக்கொண்டார்கள். பையை வாங்கிக்கொண்டார்கள். மெஷினோடு இணைத்த கம்ப்யூட்டர் ஒன்று மட்டும் இருந்தது. எழுத்தர் வெளியே பூட்டிக்கொண்டு போனார்.

பாசி திரைமுன் உட்கார்ந்தாள். அவளுக்குள் ஒரு சந்தேகம் சில நாட்களாகவே இருந்தது. சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் படித்த படிப்பு அவளுக்குக் கொடுத்திருந்த பழக்கம். உலகத்தில் வேறு யாரும், எந்தக் காலத்திலும், எந்த மொழியிலும் எழுதியிருக்க முடியாத ஒரு விஷயம் வேண்டும். யோசித்து, தன் அக்காவின் குறட்டையைப் பற்றி எழுதினாள். அது எப்படி ஒரு பழைய மோட்டார் போலத் தயங்கித் தயங்கிக் கிளம்புகிறது, எப்படி நடுவில் நின்று, ஓய்ந்துவிட்டது என்று கேட்பவரை நம்பவைக்கிறது, எப்படி அக்கா தன் சத்தத்தில் தானே விழித்துக்கொண்டு 'யாருடி அது?' என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுக்கிறாள். ஒரு பக்கம் வந்தது.

முதல் சோதனையில் பூஜ்யம். இரண்டாவது சோதனையில் நூறு.

அன்று மாலை அக்கா மருந்துக்கடை வேலை முடிந்து வந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கத்தி நின்றுவிட்டது.

"எழுதறதுக்கு என் குறட்டைதான் கெடைச்சுதா உனக்கு?"

"வேற யாரும் எழுதியிருக்க முடியாதுன்னுதான்கா அதை எடுத்தேன்."

"அப்புறம் நூறு எப்படி வந்துச்சு? எவடி அவ? என் குறட்டையை எங்க நின்னு கேட்டா?"

"யாரும் கேக்கலக்கா."

"அந்த டைரக்டர் என்ன சொன்னாரு?"

பாசி தயங்கினாள். "உங்க அக்கா வேற எங்கயாவது தூங்கறதுண்டான்னு கேட்டாரு."

"கேட்டானா? அப்படியே கேட்டானா? மூஞ்சிக்கு நேரா?"

"விசாரணைக்குத் தேவைப்படுதுன்னு சொன்னாரு."

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். கோபம் கொஞ்சம் வடிய நேரம் ஆனது. பிறகு வேறு குரலில் கேட்டாள். "இரு. மொதல்ல பூஜ்யம்னு வந்துச்சு. அதுக்கப்புறம் நீ அதைத் தொட்டியா?"

"இல்ல."

"வேற யாராவது?"

"பூட்டின ரூம்க்கா."

"அப்ப அந்த ஒரு பக்கம் நடுவுல எங்கதான்டி இருந்துச்சு?"

"மெஷினுக்குள்ள."

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். நாளைக்குப் போய் அதை இயக்குநரிடம் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று பாசி நம்பினாள். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டாள்.

இயக்குநரின் அறையில் மூன்று வருடக் கேடயங்கள் கண்ணாடி அலமாரிக்குள் நின்றன. பாசி நின்றபடியே தொடங்கினாள்.

"சார், மெஷின் முதல் தடவை—"

இயக்குநர் கையைத் தூக்கினார். "அந்த வாக்கியத்தை முடிக்காத."

"உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியுமான்னு கேக்காதம்மா. தெரியும்னா நான் நடவடிக்கை எடுக்கணும். நடவடிக்கை எடுக்கற நெலமையில நான் இல்ல. அதனால எனக்குத் தெரியாது. உக்காரு." எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "மூணு வருஷத்துல குலுக்கல்ல எடுத்தது நாப்பத்தொரு பேர். நாப்பத்தொரு பேரும் குத்தவாளி. நாங்க கைவெச்சதுல ஒருத்தர்கூட நிரபராதி இல்ல. வேற எங்கயாவது இப்படி ஒரு துல்லியம் கேள்விப்பட்டிருக்கியா? மத்த கல்லூரிகள்லேருந்து வந்து பாத்துட்டுப் போறாங்க. நேர்மையில நமக்குத்தான் முதலிடம். இதோ, கேடயம். இதையெல்லாம் நீ ஒரு குறட்டையை வெச்சு ஊதித் தள்ளப் பாக்கற."

"அந்த நாப்பத்தொரு பேரும்—"

"முடிக்காதன்னு சொன்னேன். உனக்கென்ன, ஒரு ஆய்வேடு. நான் ஒரு நிறுவனத்தையே தூக்கி நிறுத்தணும். நேர்மைக்காக நான் எத்தனை பொய்யைச் சுமந்துட்டு இருக்கேன்னு உனக்குத் தெரியாது." அவர் உண்மையாகவே களைத்துப்போனவராகத் தெரிந்தார். "வெள்ளிக்கிழமை நேர்மை நாள். மேடையில ஒப்புதல் உரை வாசிச்சிடு. திருந்தினவங்களுக்கு அங்கயே சான்றிதழ் குடுத்துடறோம். சனிக்கிழமை ஒண்ணாந்தேதி. வேலையில போய்ச் சேந்துடு."

"உரையை நான் எழுதிட்டு வரணுமா சார்?"

"நீயா? வேண்டாம்மா, நீ எழுதின வரைக்கும் போதும். எங்ககிட்ட ஒண்ணு இருக்கு. எல்லாரும் அதையேதான் வாசிப்பாங்க."

பாசி சொன்னதைக் கேட்டுவிட்டு அக்கா சொன்னாள். "வாசி, வாங்கு, வந்துடு. அந்த ஆளு மூஞ்சியிலயா நீ தினம் முழிக்கப்போற?" பாசியும் அப்படித்தான் முடிவு செய்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை அரங்கத்துக்குப் பின்னால் இருந்த அறையில், பழைய வருடங்களில் திருந்தியவர்கள் சட்டையில் 'திருந்தியவர்' என்ற அட்டையைக் குத்திக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வருடமும் வந்து கடைசி வரிசையில் உட்கார வேண்டும் என்பது சான்றிதழோடு கொடுத்த நிபந்தனை. அவர்களில் ஒருத்தியைப் பாசிக்குத் தெரியும். போன வருடம் ஆய்வகத்தில் பக்கத்து மேசையில், தன் விடுதி அறை எறும்புகளை வைத்து ஆய்வு செய்தவள். எல்லாரும் அவளை சீனியர் என்றே கூப்பிட்டார்கள். ஆய்வகக் கதவில் அவள் எழுதி ஒட்டிய அறிவிப்புகளைப் படிக்கவே மற்றத் துறை ஆட்கள் வருவார்கள். 'குடுவையைக் கழுவாமல் போகிறவரின் மதிய உணவு எறும்புகளுக்கு விலாசத்தோடு தெரிவிக்கப்படும்' என்பது ஒன்று.

சீனியர் அவளை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"உனக்கு நேரம் இருக்குமா? எனக்கு ஒரு வேலைக்கு விண்ணப்பம் எழுதித் தரியா?"

"நீங்களே என்னைவிட நல்லா எழுதுவீங்களே."

"நான் இப்ப எதுவும் எழுதறதில்ல. ஒரு வரி எழுதினாலே இது என்னுதா, எங்கயாவது எடுத்ததான்னு சந்தேகமா இருக்கு. அம்மாவுக்கு மெசேஜ் அனுப்பக்கூட பயமா இருக்கு. வெறும் கட்டைவிரல் படம்தான் அனுப்பறேன்."

"நீங்க திருடினீங்களா சீனியர்?"

"திருடியிருக்கேன். எங்கேருந்துன்னுதான் ஞாபகம் வர மாட்டேங்குது. தொண்ணூத்தெட்டுன்னு வந்தப்ப நான்கூட மொதல்ல நம்பல. அப்புறம் உக்காந்து யோசிச்சேன். சின்ன வயசுல எங்கயாவது படிச்சிருப்பேன்."

"உங்க ரூம் எறும்பைப் பத்தியா?"

"ம்," என்றாள் சீனியர், முழு நம்பிக்கையோடு. "மெஷினுக்கு என்மேல என்ன கோவமா?"

மேடையில் மூன்று நாற்காலிகள். நடுவில் இயக்குநர். ஒரு பக்கம், இந்த வருடம் வாசிக்க வேண்டியவர்களில் முதல் ஆளாக, பாசி. இன்னொரு பக்கம் காலியான ஒரு நாற்காலி. அதன் முதுகில் 'மூல ஆசிரியர்' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். முன்னால் இருந்த சிறிய மேசைமேல் பாசியின் சான்றிதழ் உறையில் போட்டுத் தயாராக இருந்தது. முன்வரிசையில் கைடு தன் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டு வரிசை தள்ளி அக்கா, மருந்துக்கடையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

இயக்குநர் மேடைக்கு உரிய குரலில் பேசினார்.

"நண்பர்களே, சிலர் கேட்கிறார்கள், மாணவர்களை ஏன் இப்படிச் சந்தேகப்படுகிறீர்கள் என்று. நாங்கள் யாரையும் சந்தேகப்படுவதில்லை. சந்தேகப்படுவதற்குச் சிந்திக்க வேண்டும். அந்தப் பழக்கத்தை இந்தப் பிரிவு தொடக்கத்திலேயே ஒழித்துவிட்டது. மெஷின் சொல்கிறது, நாங்கள் செயல்படுகிறோம். இதோ இந்தக் காலி நாற்காலியைப் பாருங்கள். உழைப்பைப் பறிகொடுத்து, வெளியே சொல்லாமல் ஊமையாய் அழும் அந்த மாணவருக்கு உரிய இடம் இது. அவர் இந்த அரங்கத்திலேயேகூட இருக்கலாம். இருந்தால் தயங்க வேண்டாம். வாருங்கள், வந்து அமருங்கள்!"

யாரும் வரமாட்டார்கள் என்பதால் வருடா வருடம் விடப்படும் அழைப்பு அது. இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைதட்டல் அடங்கியதும் எழுத்தர் மைக்கையும் ஒரு தாளையும் கொண்டுவந்து பாசியின் கையில் கொடுத்தார்.

"நான் திருடினேன்," என்று பாசி வாசித்தாள். "பிறருடைய உழைப்பை என்னுடையது என்று சொன்னேன்."

தலையை நிமிர்த்தினாள். அக்கா முன்பக்கமாகச் சாய்ந்து, சீக்கிரம் முடி என்பது போலக் கையை அசைத்தாள். அக்காவைத் தாண்டி, அரங்கத்தின் கடைசி வரிசையில் சீனியரின் உதடுகள் அசைவது தெரிந்தது. சத்தமில்லாமல், ஒரு சொல் பிசகாமல், அவள் இந்த உரையைக் கூடவே சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த வரி பாசியின் வாயிலிருந்து வரவில்லை. சீனியர் மட்டும் அதையும் சொன்னாள்.

பாசி தாளை மடக்கித் தன் நாற்காலியில் வைத்தாள். மைக்கோடு இயக்குநரைச் சுற்றிக்கொண்டு போய், அந்தப் பக்கத்துக் காலி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

இயக்குநர் சிரித்த முகத்தை மாற்றாமல் அவள் பக்கம் குனிந்தார். "அது உன் எடம் இல்லம்மா. எழுந்திரு."

மைக் அதையும் அரங்கம் முழுக்கக் கொண்டுபோனது.

"இதுதான் சார் என் எடம்," என்றாள் பாசி. எழுத்தர் படியேறி வந்துகொண்டிருந்தார். மேசையில் இருந்த உறையை இயக்குநர் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவள் அதைப் பார்த்தாள். பிறகு கடைசி வரிசையைப் பார்த்தாள்.

"மெஷின் மொத தடவை எதைப் படிச்சாலும் தனக்குள்ள சேத்து வெச்சுக்குது. ரெண்டாவது தடவை அதோடயேதான் ஒப்பிட்டுப் பாக்குது. நான் எழுதினதை நானே திருடினேன்னு சொல்லிச்சு. உங்க எல்லாருக்கும் அதேதான் நடந்திருக்கு. சீனியர், அந்த எறும்பெல்லாம் உங்களோடதுதான்."